61 பேனாக்களில் 20

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது சென்னை வேளச்சேரியில் நாங்கள் குடியிருந்த தரைத்தளத்து வீட்டில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. மேசையின் அடி இழுப்பறையில் இருந்த என் மைப்பேனாக்கள் இரண்டு நாள் சேற்று நீரில் ஊறிக் கிடந்தன. நீர் வடிந்தபின் அவற்றைக் கழுவி, மொட்டை மாடியில் செய்தித்தாள் விரித்து வரிசையாகப் பரப்பியபோது எண்ணிக்கை 61 என்று தெரிந்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சேர்த்தவற்றை நான் முறையாக எண்ணிப் பார்த்தது அன்றுதான். இப்போது மூன்றாம் மாடியில் சிறிய வீடு ஒன்றுக்கு மாறுகிறோம். தச்சர் செய்து கொடுத்திருக்கும் தேக்குப் பெட்டியில் 20 குழிகள் இருக்கின்றன. அதற்கு மேல் ஒன்றுகூட வைப்பதில்லை என்று வீட்டில் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

சேகரிப்பைக் குறைப்பவர்கள் வழக்கமாக விலையைப் பார்ப்பார்கள், அல்லது அரிதானதா என்று பார்ப்பார்கள். இரண்டையும் நான் ஒதுக்கிவிட்டேன். விலை என்பது வாங்க வருபவரின் கணக்கு. அருமை என்பதோ கண்ணாடி அலமாரி வைத்திருப்பவர்களுக்கு உரியது. என் பேனாக்கள் எழுதுவதற்காக வாங்கப்பட்டவை. ஆகவே, பேனாவின் உள்ளே எந்தப் பொருள் முதலில் கெடும், கெட்டால் நானோ என் கைக்கெட்டும் தொலைவில் உள்ள ஒருவரோ அதைச் சரிசெய்ய முடியுமா என்ற கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரே வகைப் பேனாக்களை இரண்டிரண்டாக எதிரெதிரே நிறுத்திப் பார்த்தேன். வெப்பமும் ஈரமும் ஆண்டில் பாதி நாள் சேர்ந்தே இருக்கும் இந்த ஊரில் வேறு அளவுகோல் எதுவும் நெடுநாள் செல்லாது.

முதலில் எபோனைட் பேனாக்கள், மொத்தம் 17. எபோனைட் என்பது ரப்பருடன் கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்துச் சூடாக்கிக் கடினமாக்கிய பொருள். கடைசல் இயந்திரத்தில் மரத்தைப்போலவே கடைந்து பேனா செய்யலாம். இவற்றில் நான்கு, ராஜமுந்திரியின் ரத்னம் பேனாக்கள். 1932-இல் தொடங்கிய அந்தப் பட்டறையின் பேனாவைப் பாராட்டி 1935-இல் காந்தி எழுதிய கடிதம் புகழ்பெற்றது. அவற்றுக்கு எதிரே நான் நிறுத்தியவை, திருவள்ளூரில் கையால் கடைந்து செய்யப்படும் ரங்கா பேனாக்கள் ஐந்து. மீதி எட்டும் பெயர் பொறிக்கப்படாதவை; திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் சாலை நடைபாதையில் ஞாயிற்றுக்கிழமைகளில் பொறுக்கியவை.

வரலாற்றை வைத்துப் பார்த்தால் ரத்னத்தோடு மற்றவை போட்டியிட முடியாது. என்னிடம் உள்ள நான்கில் மூன்றுக்குக் கழுத்தும் உடலும் சேரும் இடத்தில் மரை தேய்ந்துவிட்டது. இந்தப் பேனாக்களில் ரப்பர் பையோ பிஸ்டனோ கிடையாது. கழுத்தைத் திருகிக் கழற்றி, ஃபில்லரால் உடலுக்குள்ளேயே மையை ஊற்ற வேண்டும். மரை தேய்ந்தால் மை அங்கேதான் கசியும். சிலிக்கான் கிரீஸ் தடவினால் சில வாரம் தாங்கும், அவ்வளவுதான். மேலும், எபோனைட் வெளிச்சத்திலும் ஈரத்திலும் கருமை இழந்து பழுப்பாக மாறும். வெள்ளத்துக்குப் பிறகு அந்த மூன்றும் காய்ந்த புளியங்கொட்டை நிறத்துக்கு வந்துவிட்டன. தேய்த்து மெருகேற்றினால் கருமை திரும்பும், ஆனால் உடலில் பொறித்த எழுத்துகள் அதோடு போய்விடும். எழுத்துகள் போன ரத்னத்துக்கும் நடைபாதையில் வாங்கிய பேனாவுக்கும் என்ன வேறுபாடு?

திருவள்ளூர்ப் பேனாக்களுக்கு அப்படி ஒரு கதை இல்லை. ஆனால் என்னுடையவற்றின் உடல் தடிமனானது. மை ஊற்றும் பேனாவின் பெரிய குறை, மை பாதிக்குக் கீழே இறங்கியதும் அது கக்குவது. உள்ளே மைக்கு மேலே நிற்கும் காற்று, கைச்சூட்டில் விரிந்து மையை நிப் வழியாகத் தள்ளிவிடுகிறது. சட்டைப் பையில் நீலக் கறையோடு பள்ளியிலிருந்து திரும்பிய தலைமுறையினருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உடல் தடிமனாக இருந்தால் சூடு உள்ளே போக நேரமாகும், கக்குவதும் குறையும். மே மாதத்து வெயிலில் பாரிமுனையிலிருந்து கடற்கரை ரயில் நிலையம் வரை நடந்து சோதித்தபோது, மெல்லிய உடல் கொண்ட நடைபாதைப் பேனா மூடிக்குள் மையைக் கக்கியிருந்தது. திருவள்ளூர்ப் பேனா சுத்தமாக இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, இதில் எது உடைந்தாலும் சென்ட்ரலில் புறநகர் ரயில் ஏறினால் சுமார் ஒன்றேகால் மணி நேரத்தில் அந்த ஊருக்குப் போய்விடலாம். ஆகவே ரத்னத்தில் மரை நன்றாக உள்ள ஒன்று, திருவள்ளூரில் நான்கு, பெயரில்லாதவற்றில் தடித்த உடல் கொண்ட மூன்று என எட்டு பேனாக்கள் பெட்டிக்குள் போயின.

அடுத்த வரிசையில்தான் என்னோடு நானே அதிகம் வாதாட வேண்டியிருந்தது. பார்க்கர் 51-இல் இரண்டு தலைமுறைகள் உண்டு. பார்க்கர் நிறுவனம் 1888-இல் தொடங்கியது; அதன் 51-ஆம் ஆண்டான 1939-இல் உருவாக்கி முடிக்கப்பட்டதால் பேனாவுக்கு அந்தப் பெயர். 1941-இல் சந்தைக்கு வந்த முதல் தலைமுறையில் மையை உறிஞ்சுவதற்கு, உடலின் பின்முனையில் ஒரு விசையும் அதோடு இணைந்த ரப்பர் சவ்வும் இருந்தன. வேக்குமேட்டிக் என்பது அதன் பெயர். 1948-இல் வந்த ஏரோமெட்ரிக் தலைமுறையில் சவ்வு போய், உலோகக் கூட்டுக்குள் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பை வந்தது. அந்தக் கூட்டின் மேலேயே, பட்டையை ஆறு முறை அழுத்து என்று ஆங்கிலத்தில் பொறித்திருப்பார்கள். என்னிடம் முதல் வகையில் இரண்டும் இரண்டாம் வகையில் மூன்றும் இருக்கின்றன.

அழகில் வேக்குமேட்டிக்தான் மேல். உடலில் பொறித்த 6 என்ற எண், ஒரு பேனா 1946-இல் செய்யப்பட்டது என்பதைக் காட்டுகிறது. அதை மூர் மார்க்கெட்டில், 1985-இல் அது தீக்கிரையாவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், என் தந்தை வாங்கினார். சேகரிப்பவர் எவரும் இதைத்தான் வைத்துக்கொள்ளச் சொல்வார். ஆனால் ரப்பர் சவ்வுக்கு ஆயுள் உண்டு. நீரில் ஊறியபின் நான் திறக்கப் பார்த்தபோது இரண்டின் சவ்வும் புளித்த மாவைப்போல இழுபட்டது. அந்தச் சவ்வை மாற்றுவதற்குப் பின்முனையைக் கழற்ற அதற்கென்றே செய்யப்பட்ட கருவி வேண்டும். சரியான அளவில் புதிய சவ்வு வேண்டும். லூசைட் என்னும் அக்ரிலிக் பிளாஸ்டிக்கால் ஆன பழைய உடல் விரிசல் விடாமல் சூடுகாட்டித் திருகும் கை வேண்டும். எனக்கு இந்த மூன்றும் இல்லை. ஒருமுறை நகரத்துப் பழுதுபார்க்கும் கடை ஒன்றில் இன்னொரு வேக்குமேட்டிக்கைக் கொடுத்து, விரிசல் விட்ட உடலோடு திரும்ப வாங்கிய அனுபவமும் இருக்கிறது.

ஏரோமெட்ரிக் மூன்றும் அதே சேற்றில் கிடந்தவைதான். ஒரு நாள் முழுக்க வெந்நீர் படாமல் சாதாரணத் தண்ணீரில் ஊறவைத்து, ஆறு ஆறு முறையாகப் பட்டையை அழுத்திக் கழுவினேன். மூன்றும் அன்று மாலையே எழுதின. எழுபது ஆண்டுக்கு முந்தைய பிளாஸ்டிக் பை இன்னும் மென்மையாக இருப்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. மையின் பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாத ஒரு செய்தியும் இங்கே உண்டு: இந்தப் பேனாவுக்கென்றே பார்க்கர் விற்ற 51 மை, வேகமாகக் காய்வதற்காக மிகுந்த காரத்தன்மையோடு செய்யப்பட்டது. லூசைட் அதைத் தாங்கியது. பிற பேனாக்களை அது அரித்தது. பழைய புட்டி எங்கேயாவது கிடைத்தால் ஆசைப்பட்டு வேறு பேனாவில் ஊற்றிவிடாதீர்கள்.

பார்க்கர் 51-க்கு எதிராக நிறுத்த வேண்டிய இன்னொன்று ஷாங்காயின் ஹீரோ. பர்மா பஜாரில் ஒரு காலத்தில் கட்டுக்கட்டாக விற்ற ஹீரோ 616, பார்க்கர் 51-இன் உருவத்தையே பார்த்துச் செய்யப்பட்டது. நிப் மூடியபடி முனை மட்டும் வெளியே தெரியும் அதே அமைப்பு, அதே அம்புக் கொக்கி. நிப் எஃகு. என்னிடம் இருக்கும் ஒன்பதில் நான்கு நன்றாக எழுதுகின்றன, மூன்று வறட்சியாக எழுதுகின்றன, இரண்டு எழுதவே மறுக்கின்றன. ஆனால் ஹீரோவில் எனக்கு ஒரு பிரியம் உண்டு. திறந்து, நிப்புக்கு அடியில் மையைக் கொண்டுவரும் நாக்கை இழுத்து, கழுவி, மறுபடி சொருகிப் பழகியது இதில்தான். கெடுத்தால் பெரிதாக நஷ்டமில்லை என்பதால் கைக்குத் துணிவு வந்தது. அதற்காக ஒன்றை வைத்துக்கொண்டேன். ஏரோமெட்ரிக் மூன்றும் இருக்கின்றன. வேக்குமேட்டிக் இரண்டும் போகின்றன. தந்தை வாங்கிய பேனாவையா கொடுக்கிறாய் என்று தம்பி கேட்டான். அந்த இரண்டையும் பெங்களூரில் சவ்வு மாற்றத் தெரிந்த சேகரிப்பாளர் ஒருவர் வாங்கிக்கொள்கிறார். அவர் கையில் அவை மறுபடி மை உறிஞ்சும், என்னிடம் இருந்தால் உறிஞ்சாது.

மூன்றாவது இணை, செல்லுலாய்டும் சென்னை பைலட்டும். செல்லுலாய்டு பேனாக்கள் ஆறு. அம்பர் நிறத்தில் அடுக்கு வரிகளும் முத்துச்சிப்பி மினுக்கமுமாக, இந்த அழகை இன்றைய அக்ரிலிக்கில் கொண்டுவர முடியவில்லை. எதிரே நிற்பவை, ஜப்பானிய நிறுவனத்தின் கூட்டோடு சென்னையில் இயங்கிய பைலட் பேனா நிறுவனத்தின் ஐந்து பேனாக்கள். கறுப்பு, மெரூன் என்று பார்ப்பதற்கு அலுவலக எழுத்தரைப்போல அடக்கமாக இருப்பவை.

அழகை ஒதுக்கிவிட்டுப் பொருளைப் பார்த்தால் முடிவு எளிது. செல்லுலாய்டு, நைட்ரோசெல்லுலோஸில் கற்பூரம் சேர்த்துச் செய்யப்படுவது. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் பூஜை அறை வாசம் வருவது அதனால்தான். கற்பூரம் மெல்ல மெல்ல ஆவியாகும்போது உடல் சுருங்குகிறது. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் நைட்ரோசெல்லுலோஸ் சிதையத் தொடங்கி நைட்ரஜன் ஆக்ஸைடு வாயுவை விடுகிறது. அது ஈரத்தோடு கலந்து அமிலமாகிப் பக்கத்தில் இருக்கும் பேனாக்களின் கொக்கியையும் வளையத்தையும் அரிக்கும். மூடிய தேக்குப் பெட்டியில் இதைப் பிற பேனாக்களோடு வைப்பது, அழுகத் தொடங்கிய மாம்பழத்தைக் கூடையில் விட்டுவைப்பதற்குச் சமம். என் ஆறில் இரண்டின் கழுத்துப் பகுதி ஏற்கெனவே நொறுங்கத் தொடங்கியிருக்கிறது. அருகில் இருந்த பித்தளை வளையம் பச்சை பூத்திருந்தது. பைலட் ஐந்தில் மூன்று அப்படியே எழுதுகின்றன. மற்ற இரண்டின் மூடி விரிந்துவிட்டதால் உதிரிக்காகப் போகின்றன. செல்லுலாய்டில் ஒன்றுமே பெட்டிக்குள் வரவில்லை.

மீதி 19 பேனாக்கள், கார்ட்ரிட்ஜ் என்னும் மை அடைத்த குழலையோ, நாமே மை நிரப்பும் கன்வெர்ட்டரையோ செருகி எழுதும் இக்காலத்துப் பேனாக்கள். இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாளையே வேண்டுமென்றாலும் பாரிமுனையில் ஜெம் அண்ட் கம்பெனி போன்ற கடைக்குப் போய்ப் புதிதாக வாங்கிவிடலாம் என்பதால், நன்றாக எழுதும் நான்கை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

தங்க நிப்பா, எஃகு நிப்பா என்ற கேள்வியையும் இந்த இடத்தில் முடித்துவிடலாம். 14 காரட் நிப்பில் பொன் சுமார் 58.5 விழுக்காடு. நிப்பின் மொத்த எடையே ஒரு கிராமுக்குள் அடங்கிவிடும். பவுன் விலை ஏறியதைப் பார்த்து அடகுக் கடையில் நிப்பைக் கழற்றிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்; அவர்கள் விற்பது பேனாவின் உயிரைக் கால் காசுக்கு. தாளில் தேயும் முனை பொன் அல்ல, இரிடியம் முதலிய கடின உலோகங்களின் கலவை. ஆகவே எழுத்தின் வழவழப்பு முனையைத் தீட்டியவரின் கைத்திறனைப் பொறுத்தது. தங்கத்துக்குப் பெரிய சாதகம் ஒன்றுதான். ஃபெரஸ் சல்பேட் கலந்த நிரந்தர நீலக்கறுப்பு மையின் அமிலத்தை அது பொருட்படுத்தாது, எஃகு அரிபடும்.

இந்தச் சாதகம் எனக்கு முக்கியமானது, ஏனென்றால் என் தந்தை சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதியவர். நீலக்கறுப்பு மையைத் தவிர வேறு மை அவர் பேனாவில் ஏறியதே இல்லை. அவர் தொழிலுக்கு வைத்திருந்த பேனா, மேலே சொன்ன ஆறு செல்லுலாய்டில் ஒன்று. நொறுங்கத் தொடங்கியிருக்கும் இரண்டில் ஒன்றும்கூட. மகளும் அதைத்தான் முதலில் கேட்டாள்.

"அப்பா, தாத்தா பேனாவை மட்டும் தனியா ஒரு டப்பால வெச்சுக்கலாமே?"

தனி டப்பாவில் வைத்தால் பிற பேனாக்கள் தப்பும், அது தப்பாது. வெளியே விடும் வாயு டப்பாவுக்குள்ளேயே தேங்கினால் சிதைவு இன்னும் விரையும். ஆனால் அதன் தங்க நிப் ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கிறது. அவர் எழுதி எழுதி முனை இடப்பக்கமாகச் சற்றே சாய்ந்து தேய்ந்திருப்பதை உருப்பெருக்கியில் பார்க்கலாம். நிப்பையும் நாக்கையும் கழற்றித் திருவள்ளூருக்கு எடுத்துச்சென்றேன். நாக்கின் அளவுக்குக் கழுத்தைத் துளையிட்டு, கறுப்பு எபோனைட்டில் தடித்த உடல் கடைந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வேறொரு கோணத்தில் பிடித்து எழுதும் என் கையில் அந்தச் சாய்ந்த முனை தாளைக் கீறலாம். தீட்டிச் சரிசெய்யட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

எட்டு எபோனைட், மூன்று ஏரோமெட்ரிக், ஒரு ஹீரோ, மூன்று பைலட், நான்கு புதியவை என்று 19 குழிகள் நிறைந்திருக்கின்றன. இருபதாவது குழி, பேனா திருவள்ளூரிலிருந்து வரும்வரை காலியாக இருக்கும்.