நாய்க்குட்டியப் பழக்கித் தாறேன்னு 18,500 ரூவாய முழுங்கிட்டான் – நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்காரங்க கவனிச்சுக்கிடுங்க

இன்னைக்குக் காலத்த எனக்க மவளுக்கு ரெண்டாவது ஊசி போட்டுட்டு வந்து இத எழுதுதேன். நாய்க்கடி ஊசி. கடிச்சது தெருநாய் இல்ல, எங்க வீட்டு அப்பு. நாலரை மாசக் குட்டி. அவன நல்லாப் பழக்கித் தாறேன்னு 18,500 ரூவா வாங்கிட்டுக் கொண்டு போனவன், 17 நாள் வச்சிருந்திட்டு போன வியாழக்கிழமை திருப்பி விட்டான். வெள்ளிக்கிழமை அப்பு பிள்ளைக்க கையக் கடிச்சிட்டான். நேத்து ராத்திரி அந்த ஆளு என்னைய பிளாக் பண்ணிட்டான்.

பேரு எதையும் இங்க போடல. புகார் குடுத்திருக்கு, போடாதன்னு எங்க வீட்டுக்காரவிய சவுதியிலருந்து சொல்லிட்டாவ. வகைய மட்டும் சொல்லுதேன். பிளம்பர், ஏசி மெக்கானிக்னு வீட்டுக்கு ஆளு அனுப்புற மொபைல் ஆப்பு ஒண்ணு. அதுல நாய் டிரெயினர்னு ஒரு ஆளு. 4.8 ஸ்டார், கூலிங்கிளாஸ் போட்ட போட்டோ. குட்டி வளக்கவிய என்னென்ன பாக்கணும்னு கடைசில வெலாவாரியா எழுதுதேன், முதல்ல நடந்தது.

எங்க வீடு தக்கலைக்கும் குலசேகரத்துக்கும் நடுவுல, ரப்பர் தோட்டத்த ஒட்டி. அப்பு, லாப்பும் (லாப்ரடார்) நாட்டு நாயும் கலந்தவன். தெரிஞ்ச வீட்டுல 35 நாள்லயே தூக்கிட்டு வந்தோம். அது எங்க தப்பு, பொறவுதான் தெரிஞ்சுது. வந்த நாள்லருந்து ஊசி எல்லாம் முடியட்டும், வெளிய விட்டா பார்வோன்னு குட்டியளுக்கு வாற வயித்துப்போக்கு நோய் வந்திரும்னு காம்பவுண்டுக்குள்ளயே வச்சு வளத்தோம். மூணரை மாசத்துல பெல்ட்டு போட்டு கேட்டுக்கு வெளிய எடுத்தா, ஒரே வெப்ராளம். வெளுக்கதுக்கு முன்ன நெத்தியில லைட்டு கெட்டிட்டு ரப்பர் மரத்துல பால்வெட்டுக்குப் போறவியளக் கண்டா கொலைக்கான், பொறவு எனக்க காலுக்குள்ள பூந்துக்கிடுவான். பக்கத்து வீட்டுல ரப்பர் ஷீட் அடிக்கிற மெஷின் சத்தம் கேட்டாப் போதும், கட்டிலுக்கு அடியில போனவன் அரைமணிக்கூறு வரமாட்டான். ரோட்டுல பஸ்சு வந்தா ஒரு பக்கம் இழுப்பான், ஆடு போனா மறு பக்கம். எனக்க தோள்பட்டையே கழண்டு போச்சு. வீட்டுக்குள்ளன்னா நைட்டி, மாமிக்க சேலை முந்தி, பிள்ளைக்க யூனிபார்ம், எல்லாத்துலயும் சாடிச் சாடிக் கடி. ஊசி மாதிரி பல்லு. அதுவும் அவனுக்க வெளையாட்டுதான், ஆனா ரத்தம் வருமே.

எங்க வீட்டுக்காரவியட்ட போன்ல சொன்னா, "நாய்க்கு டியூசனா?"ன்னு சிரிச்சாவ. மாமி நேராவே கேட்டாவ: "பட்டியப் படிப்பிக்க பதினெட்டாயிரமா மக்ளே? கோழித் தல ரெண்டு வாங்கிப் போட்டா கெடக்காதா?" நான் கேக்கல. கேட்டைச் சரியாக்க எடுத்து வச்சிருந்த பணம் அது. இன்னும் அந்தக் கேட்டு கல்லு முட்டுக் குடுத்துதான் நிக்கு.

நான் ஏமாந்த எடத்த மட்டும் நல்லா வாசிங்க.

முத நாளு அவன் வீட்டுக்கு வந்தான். நல்ல பேச்சு, அக்கா அக்கான்னு. அப்பு வழக்கம்போல சாடுனான், கையக் கவ்வுனான். அவன் பையிலருந்து ஒரு சோக் செயின் (சுண்டுனா கழுத்த இறுக்குற சங்கிலி) எடுத்துப் போட்டு, ஒரே ஒரு தடவ மேலாக்கச் சுண்டுனான். குட்டி கீச்சுன்னு ஒரு சத்தம். பொறவு அசையவே இல்ல. தரையோட தரையா ஒட்டிக் கெடந்தான். வாலு வயித்துக்குள்ள போயிட்டு, கண்ணோட வெள்ள தெரியுது, ரெண்டு சொட்டு மூத்திரமும் போயிட்டு. எனக்க மவ பிஸ்கட்ட எடுத்து மூக்குக்கிட்ட நீட்டுனா. எங்க அப்பு பிஸ்கட்டுக்காவ சொவத்துல ஏறுறவன், மோந்துகூடப் பாக்கல.

"பாத்தியளா அக்கா, ரெண்டு நிமிசம். நான் சொல்லாம பிஸ்கட்டத் தொடமாட்டான். இதுதான் டிசிப்ளின்."

நான் வாயப் பொளந்து நின்னேன். மூணு மாசமா எனக்கு அடங்காதது இவனுக்கு ரெண்டு நிமிசத்துல அடங்கிட்டேன்னு ஒரு மதிப்பு. அது அடங்குனது இல்ல மக்கா, பயத்துல வெறைச்சுப் போனது. பயந்து ஒடுங்குன நாய் தின்னாது. சனிக்கிழமை மாட்டாஸ்பத்திரில டாக்டரம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவன் எனக்கு டிசிப்ளின்னு காட்டுனதும், நான் காசு குடுத்து வாங்குனதும் அந்தப் பயத்ததான்.

அடுத்தது பணம். ஆப்புல 30 நாளைக்கு 20,000. "ஆப்பு வழியா போட்டா அவனுவ கமிஷன் எடுப்பானுவ, எனக்கு நேராப் போட்டிடுங்க அக்கா, 18,500 மதி"ன்னான். 1,500 லாபம்னு அங்க வச்சே ஜிபேல போட்டேன். ரசீது கேக்கல. எழுதி வாங்கல. தங்குற எடம் ஆரல்வாய்மொழிப் பக்கம்னான், எங்கன்னு போயிப் பாக்கல. "வீட்டாளு வந்து பாத்தா குட்டி மனசு மாறிரும், மறுபடி முதல்லருந்து தொடங்கணும்"னான். சரிதானேன்னு பட்டுது. பிள்ளைய ஹாஸ்டல்ல விட்டாலும் அப்படித்தானே சொல்லுவாவன்னு நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கிட்டேன்.

முத நாளு ஒரு வீடியோ வந்து. எனக்க மவ அப்புக்க கழுத்துல கெட்டுன செவப்புக் கயித்த அந்த ஆளு அறுத்துப் போட்டு செயின் மாத்துறான். பொறவு நாலு நாளைக்கு ஒண்ணும் இல்ல. கேட்டா, "டிரெயினிங் டைம் அக்கா." பன்னெண்டாம் நாளு இன்னொரு வீடியோ, "இன்னைக்கு எடுத்தது"ன்னு. அப்பு உக்காந்திருக்கான். சுள்ளுன்னு வெயிலு. எங்க ஊருல அன்னைக்கு விடாத மழை. ஆரல்வாய்மொழி காத்தாடி சுத்துற ஊரு, இங்க கொட்டுனாலும் அங்க காஞ்சுதான் கெடக்கும்னு நெனச்சு விட்டுட்டேன். எனக்க மவதான் பாத்தா. "அம்மா, நான் கெட்டுன கயிறு கழுத்துல கெடக்கு." முத நாளே அறுத்துப் போட்ட கயிறு பன்னெண்டாம் நாளு எப்படி வந்துது? அப்பவே ஓட்டோ பிடிச்சுப் போயிருக்கணும். போன் போட்டேன். "பழைய கிளிப்பு மாறி வந்திருக்கும் அக்கா"ன்னான். நானும் வச்சிட்டேன். ஒன்பது வயசுப் பிள்ளைக்கு இருந்த புத்தி எனக்கு இல்ல.

30 நாளுன்னவன் பதினேழாம் நாளே "பய ரெடி"ன்னு கொண்டு வந்து கேட்டுல விட்டுட்டு, வண்டிய ஆஃப் பண்ணாமலே போயிட்டான். குட்டி சத்தமே இல்லாம நடந்து வந்துது. மாமிகூட "கொள்ளாமே"ன்னாவ. பொறவு தடவிப் பாத்தா கழுத்தச் சுத்தி முடி இல்ல, தோலு உரிஞ்சு நீரு கெட்டி நாத்தம். காதுக்குள்ள உண்ணி. போவும்போ 10 கிலோ 200, வந்தது 8 கிலோ 700. வளர்ற குட்டி 17 நாள்ல கூடணுமா, கொறையணுமா?

போன் போட்டேன். "கயிறு உரசுனது அக்கா, மஞ்சப்பொடி வைங்க."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிள்ள அவனக் கொஞ்சப் போயி கழுத்துல கைய வச்சா. முன்னயெல்லாம் அப்புக்கு பிடிக்கலன்னா உறுமுவான், நாங்க கைய எடுத்திருவோம். அன்னைக்கு உறுமலே இல்ல. நேராக் கடி. உறுமும்போதெல்லாம் அடிச்சா உறுமுறத விட்டுரும், பயம் போவாது, அதனால சொல்லாமலே கடிக்கும்னு டாக்டரம்மா சொன்னாவ. உறுமல் நமக்குக் குடுக்க எச்சரிக்கையாம், அத அடிச்சு நிறுத்தப்பிடாதாம். 18,500 ரூவா குடுத்து அந்த எச்சரிக்கைய நான் அழிச்சிருக்கேன்.

கைய கொழாயில வச்சு சோப்பு போட்டு 15 நிமிசம் கழுவுனேன், அது மட்டும் ஓர்மை இருந்துது. பொறவு தக்கலை அரசு ஆஸ்பத்திரி. குட்டிக்கு மூணு மாசத்துல வெறிநாய்த் தடுப்பூசி போட்டிருக்குன்னு கார்டக் காட்டுனேன், இருந்தாலும் பிள்ளைக்குப் போட்டுத்தான் ஆவணும்னுட்டாவ. கடிச்ச அன்னைக்கு, மூணாவது நாளு, ஏழாவது நாளு, இருபத்தெட்டாவது நாளு. காசு ஒண்ணும் வாங்கல. நாய 10 நாளைக்குக் கவனிக்கச் சொல்லிருக்காவ.

அன்னைக்கு ராத்திரி அவன்ட்ட சொன்னா, "கழுத்தத் தொட்டிருக்கப்பிடாது அக்கா, நான் சொன்ன ரூல நீங்க வீட்டுல ஃபாலோ பண்ணல." என்ன ரூலு? வண்டிய ஆஃப் பண்ணாமப் போனவன் எப்ப ரூலு சொன்னான்? சனிக்கிழமை பேச்சு மாறுது: "ஜீன் பிரச்சனை. லாப்புன்னு சொன்னிய, உள்ள வேற என்னமோ கலந்திருக்கு." பொறவு அவனே, "9,000 போடுங்க, அட்வான்ஸ்டு கோர்ஸ்ல சரியாக்கித் தாறேன்." எனக்க 18,500-அ திருப்பித் தான்னு கேட்டேன். "டிரெயினிங் முடிஞ்சா ரிஃபண்ட் கெடையாது." 30 நாளுல 13 நாளு மிச்சம் இருக்கே, அதுக்கு உள்ளத தான்னேன். ரெண்டு நீல டிக்கு. பதில் இல்ல. ஞாயித்துக்கிழமை ராத்திரி போட்டோவே காணல, பிளாக்.

ஆப்புக்காரனுவ அதுக்கு மேல. போன் நம்பரே கெடையாது, சாட்டு மட்டும். "உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்"னு ஒரு டிக்கெட்டு நம்பர். நாலு மணிக்கூறுல "தீர்க்கப்பட்டது"ன்னு அடச்சிட்டானுவ. தொறந்து கேட்டா, பணம் ஆப்புக்கு வெளிய குடுத்ததாம், அதனால அவனுவளுக்குப் பொறுப்பு இல்லியாம். 1,500 ரூவா ஆசைல நான் சாடுன குழி அது. பேங்குல போனா, "நீங்களே பின் அடிச்சு அனுப்புனது தானே மேடம்"ன்னு கம்ப்யூட்டரப் பாத்தே சொல்லுதாவ. அந்த ஆளுக்க பேஜு இன்னும் ஆப்புல கெடக்கு. ஸ்டார் 4.8 தான்.

பக்கத்துல ஒரு வக்கீலண்ணன் இருக்காவ. மிருகவதைச் சட்டத்துல கேஸ் குடுக்கலாமான்னு கேட்டேன். குடுக்கலாம், 1960-ல வந்த சட்டம், முத தடவன்னா அபராதம் 10 ரூவாயிலருந்து 50 ரூவா வரைக்கும்னாவ. 50 ரூவா! எனக்க குட்டிக்க கழுத்துல உரிஞ்ச தோலுக்கு 50 ரூவா. பணத்துக்கு நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-ல பதிஞ்சிருக்கேன். அதுல நடக்கலன்னா நாகர்கோவில்ல மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கெட்ட வேண்டாம்னு அவியதான் சொன்னாவ. கழுத்துப் புண்ணுக்கும் எடைக்கும் டாக்டரம்மா எழுதித் தந்திருக்காவ. அந்தக் காயிதந்தான் இப்ப எனக்கு இருக்க ஒரே பிடி.

எனக்கு ஆத்திரம் என்னன்னா, இதுக்கு 18,500 வேண்டாம். டாக்டரம்மா அரைமணிக்கூறு, அதுவும் சும்மா, நின்னுட்டே சொல்லித் தந்தாவ. எட்டு வாரம் தாய்ட்ட நிக்கணுமாம் குட்டி. கூடப்பெறந்ததக் கடிச்சு, அது கத்தி வெளையாட்ட நிறுத்தும்போதுதான் எவ்வளவு கடிக்கலாம்னு படிக்குமாம். நாங்க 35 நாள்ல தூக்குனதால அப்புக்கு அந்தப் பாடம் இல்ல. மூணு மாசம் வரைக்கும் என்ன பாக்குதோ அதுதான் அதுக்குப் பழக்கமாம், பொறவு புதுசா வாறதெல்லாம் பயமாம். ஊசி முடியலன்னா தரையில விடாம, தூக்கி வச்சுக்கிட்டு பஸ்சு, ஆடு, மெஷினு எல்லாம் காட்டிருக்கலாமாம். நாங்க கேட்டப் பூட்டிப் பத்திரமா வளத்தோம்.

இழுத்தா பதிலுக்கு இழுக்கப்பிடாது, மரம் மாதிரி நிக்கணும், கயிறு தளந்தா நடக்கணும். கழுத்துல இல்ல, நெஞ்சுல போடுற பெல்ட்டு. கடிச்சா கத்தப்பிடாது, கைய ஆட்டப்பிடாது, எழும்பிப் போயிரணும். பால் பல்லு 28-ம் விழுந்து மொளைக்க ஆறேழு மாசம் ஆவும், ஈறு அரிக்கும், அதுக்கு ஈரத்துணிய முடிச்சுப் போட்டு ஃபிரிட்ஜுல வச்சுக் குடுன்னாவ. மெஷின் சத்தத்துக்கு, அவன் பயமில்லாம தின்னுற தூரத்துல நிறுத்தி, கோழி ஈரல் துண்டு குடுத்து, நாளுக்கு நாளு பைய நெருங்கணும். தின்னாம நின்னா ரொம்பக் கிட்ட வந்துட்டோம்னு அர்த்தம். மாமி சொன்ன கோழித் தலையில பாதி விசயம் இருந்திருக்கு, நான்தான் கேக்கல.

வெலாவாரியா எழுதுதேன்னு சொன்னேன், நேரமில்ல, பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கு. அதனால சுருக்கமா:

ஆப்புக்கு வெளிய பணம் போடாதிய, ஆயிரம் கொறச்சாலும். மொத்தமா குடுக்காதிய. வந்து பாக்கப்பிடாதுன்னு சொல்லுதவன்ட்ட குட்டியக் குடுக்கவே குடுக்காதிய. ரெண்டு நிமிசத்துல அடக்கிக் காட்டுனா, ஒடனே ஒரு பிஸ்கட்ட நீட்டிப் பாருங்க, தின்னலன்னா அது பயம். விடும்போதும் எடுக்கும்போதும் எடை போட்டு போட்டோ எடுத்து வைங்க. வீடியோ வந்தா பிள்ளேளுட்டக் காட்டுங்க.

கூலிங்கிளாஸ் போட்டோ, செவப்பு பைக்கு, பேச்சுக்குப் பேச்சு "டிசிப்ளின்". இந்த அடையாளத்துல யாராவது உங்க வீட்டுல வந்து 18,500-ன்னு சொன்னா, இந்தப் பதிவ ஓர்மை வச்சுக்கிடுங்க. மூணாவது ஊசி வெள்ளிக்கிழமை.