விதியை உடைத்துப் படிப்பதா, விடைகளைக் கழித்து வருவதா?

தருமபுரி அரசு சட்டக் கல்லூரிக்குப் பிளஸ் டூ மதிப்பெண் போதும். திருச்சியோ பெங்களூரோ, தேசிய சட்டப் பல்கலைக்கழகம்தான் வேண்டும் என்றால் கிளாட் நுழைவுத் தேர்வு எழுதியாக வேண்டும். ஒரு சட்ட விதியையும் ஒரு சம்பவத்தையும் கொடுத்து, நான்கு விடைகளில் சரியானதைக் கேட்கும் அதன் லீகல் ரீசனிங் பகுதிக்கு இரண்டு வழிகள் உண்டு. முதலில் விடைகளைப் பார்த்து, பொருந்தாதவற்றைக் கழித்துக்கொண்டே வருவது ஒன்று. விதியை நிபந்தனை நிபந்தனையாக உடைத்துக்கொண்டு அப்புறம் சம்பவத்துக்குப் போவது இன்னொன்று. நான் தயாரானது இரண்டாவது வழியில். அக்கா மகளுக்கும் இப்போது அதையே சொல்லித்தருகிறேன்.

கழித்தல் வேகமானது, சரி. நான்கில் இரண்டு விடைகள் பெரும்பாலும் உடனே போய்விடும். மிச்சமிருக்கும் இரண்டில்தான் வில்லங்கம்.

இப்படி ஒரு விதி: 'தன் நிலத்தில் பெருமளவு நீரைத் தேக்குபவர், அது வெளியேறி அடுத்தவருக்குச் சேதம் விளைத்தால், கவனக்குறைவு இல்லாவிட்டாலும் பொறுப்பாவார். வெளியாள் செயலால் வெளியேறியிருந்தால் பொறுப்பில்லை.' 1868-இல் இங்கிலாந்தில் தீர்ப்பான ரைலண்ட்ஸ் எதிர் ஃப்ளெட்சர் வழக்கின் வழி வந்த சங்கதி இது. சம்பவம்: பாலக்கோடு பக்கம் ஒருவர் பண்ணைக் குட்டை வெட்டிக் கரையை நன்றாகப் பராமரிக்கிறார். எலி வளையால் கரை உடைந்து பக்கத்துத் தக்காளித் தோட்டம் மூழ்குகிறது.

கழித்துக்கொண்டு வருபவர் 'கவனமாக இருந்தார், பொறுப்பில்லை' என்பதிலோ, 'எலி செய்ததற்கு அவர் என்ன செய்வார்' என்பதிலோ நிற்பார். மனசுக்கு இரண்டும் நியாயமாகத்தான் படும். உடைத்துப் படிப்பவர் கேள்வித்தாள் ஓரத்தில் நான்கே சொல் எழுதியிருப்பார்: தேக்கல், வெளியேற்றம், சேதம், வெளியாள். முதல் மூன்றும் ஆம். எலி ஆள் இல்லை, ஆகவே நான்காவது இல்லை. அவர் பொறுப்புதான். 'கவனம்' அந்தப் பட்டியலிலேயே கிடையாது.

ஏற்கெனவே சட்டம் கொஞ்சம் தெரிந்த பிள்ளைகளுக்கும் இது காவல். 1986-இல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் அபாயகரமான தொழில்களுக்கு விதிவிலக்கே இல்லாத பொறுப்பை வகுத்தது. அதை நினைத்துக்கொண்டு, வெளியாள் கரையை உடைத்ததாக வரும் குட்டைக் கேள்வியிலும் விதிவிலக்கு செல்லாது என்று போட்டால், மதிப்பெண் போச்சு. கொடுத்த விதிதான் அங்கே சட்டம்.

ஆனால் நான் இந்தப் பக்கம் சாய்ந்ததற்குப் பெரிய காரணம் மறுவாசிப்பு. 120 நிமிடத்தில் 120 கேள்வி. தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். ஒரே பத்தியின் கீழ் பல கேள்விகள் வரும். கழிப்பவர் ஒவ்வொரு கேள்விக்கும் மறுபடி பத்திக்கு ஓட வேண்டும். தாளோ முழுக்க ஆங்கிலம். பென்னாகரம், அரூர் பக்கம் தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு அந்த ஓட்டம்தான் நேரத்தைத் தின்கிறது. முதலில் ஒரு நிமிடம் கூடப் போனாலும் பரவாயில்லை, ஓரத்தில் எழுதிய நான்கு சொல் கடைசிக் கேள்விவரை உதவும்.

எல்லா இடத்திலும் இது செல்லும் என்று சொல்லமாட்டேன். சம்பவத்தைக் கொடுத்து, ஐந்து விதிகளில் எது அதை நியாயப்படுத்தும் என்று கேட்கும் வகை, அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான எல்சாட் நுழைவுத் தேர்வில் அடிக்கடி வரும். அங்கே விடைகளே விதிகள் என்பதால் கழித்தல்தான் கைகொடுக்கும் என்று தோன்றுகிறது. அதில் எனக்குப் பழக்கம் குறைவு. எல்சாட்டில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதும் இல்லை. அதை எழுதுகிறவர்கள் எந்தக் கேள்வியையும் காலியாக விடவேண்டாம்.