செட்டிநாட்டில் ‘வாகன மியூசியம்’ என்று முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

செட்டிநாட்டுக்குச் சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் கவனத்துக்கு. ‘பாரம்பரிய வாகன அருங்காட்சியகம், வில்வண்டி சவாரி, குழந்தைகள் ஏறி விளையாடலாம்’ என்று படங்களோடு வாட்ஸ்அப்பில் ஒரு டூர் பேக்கேஜ் சுற்றுகிறது. நாங்கள் பணம் கட்டிப் போய்வந்தோம். போன பணத்தைக்கூட விட்டுவிடலாம். என் நாலு வயசு மகன் அங்கே மயிரிழையில் தப்பினான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து பல்லவன் ரயிலில் கிளம்பி ராத்திரி காரைக்குடியில் இறங்கினோம். மறுநாள் காலையில் கானாடுகாத்தான் வீடுகள், அப்புறம் ஆத்தங்குடி தரைக்கல் பட்டறை, மதியத்துக்கு மேல் மியூசியம். இதுதான் பேக்கேஜ். முன்பணம் இரண்டாயிரத்தை ஒரு தனி ஆளின் ஜிபே எண்ணுக்கு அனுப்பச் சொன்னார்கள். ரசீது கேட்டதற்கு “அங்க வந்ததும் தருவாங்க மேடம்” என்று பதில். அனுப்பிய படங்களில் ஆஸ்டின் கார், சாரட்டு வண்டி, பல்லக்கு, சலூன் என்னும் பழைய சொகுசு ரயில் பெட்டி, ஒரு குட்டி விமானம் எல்லாம் இருந்தன. என் மகளுக்கு ஏழு வயசு. அந்த விமானத்தைப் பார்த்த நாளிலிருந்து வேறு பேச்சே இல்லை.

காலைப் பொழுதைக் குறை சொல்ல மாட்டேன். ஆத்தங்குடியில் கண்ணாடிப் பலகை மேல் அச்சை வைத்து, கலர் சிமெண்டைக் கரண்டியால் ஊற்றிப் பூ வரைவதைப் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். சூளையில் சுடாமலே அந்தக் கல்லுக்குப் பளபளப்பு எப்படி வருகிறது என்று மகள் கேட்க, கண்ணாடியின் வழவழப்புதான் கல்லில் இறங்குகிறது என்று பட்டறை அண்ணன் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்.

மியூசியம் என்று கொண்டுபோய் நிறுத்திய இடம் சாலையோரத் தகரக் கொட்டகை. டயர் இல்லாமல் செங்கல் மேல் ஒரு அம்பாசடர், கதவு இல்லாத பியட், துருப்பிடித்த ஸ்கூட்டர், ரெண்டு சைக்கிள், பச்சைப் பெயிண்ட் அடித்த ஒரு கட்டை வண்டி. பல்லக்கு என்று வைத்திருந்தது கல்யாண மண்டப ஜோடனைக்குச் செய்த தெர்மாகோல் சாமான். எந்த வண்டிக்குப் பக்கத்திலும் பெயரோ வருஷமோ எழுதிய அட்டை இல்லை. விமானம் எங்கே என்று மகள் கேட்டதற்கு அங்கிருந்த ஆள், “சர்வீஸுக்குப் போயிருக்கு பாப்பா, அடுத்த தடவை வா” என்றார். குழந்தையிடம் இப்படி ஒரு பொய்யைக் கூசாமல் சொன்னதை என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

பேக்கேஜில் எல்லாம் அடக்கம் என்றவர்கள், வாசலில் தலைக்கு நூறு ரூபாய் தனியாக வாங்கினார்கள். போனில் படம் எடுக்க ஐம்பது, காரில் உட்கார்ந்து எடுத்தால் இன்னொரு நூறு. கழிவறை கிடையாது, குடிக்கத் தண்ணீர் கிடையாது. வில்வண்டி சவாரி? “மாடு மேய்ச்சலுக்குப் போயிருக்கு.”

இனி அந்தக் கட்டை வண்டி. மாடு பூட்டாத வண்டி அச்சின் மேல் தராசு போலத்தான் நிற்கும். முன்னால் நீண்டிருக்கும் ஏர்க்கால் கட்டையும், மாட்டின் கழுத்தில் வைக்கும் நுகத்தடியும் தரையில் படிந்திருக்கும். பின்னால் பாரம் ஏறினால் முன்பக்கம் அப்படியே தூக்கிக்கொள்ளும். ஊர்ப்பக்கம் வண்டியை அவிழ்த்து நிறுத்தினால் சக்கரத்துக்குக் கல் அடை கொடுத்து, பின்பக்கம் ஒரு கட்டையை முட்டுக் கொடுப்பார்கள். வண்டி வைத்திருக்கும் எவருக்கும் தெரிந்த விஷயம். அங்கே கல்லும் இல்லை, முட்டும் இல்லை. வேறொரு குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேரை அந்த ஆளே தூக்கிப் பின்பக்கம் உட்காரவைத்து, “சிரிங்க, சிரிங்க” என்று படம் எடுக்கப் போனார். வண்டி பின்னால் சாய, நுகத்தடி ஆள் உயரத்துக்கு எழும்பியது. பயந்துபோய்ப் பிள்ளைகள் குதித்ததும் அதே வேகத்தில் கீழே இறங்கியது. அதற்கு நேர் கீழே என் மகன் நின்றுகொண்டிருந்தான். என் கணவர் சட்டையைப் பிடித்து இழுத்ததில் தோளை உரசிக்கொண்டு தரையில் மோதியது. முழங்கை கனம் இருக்கும் அந்தக் கட்டை. தலையில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுதவே கை நடுங்குகிறது.

அந்த ஆள் பிள்ளையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே போய் நுகத்தடியைத் தடவிப் பார்த்துவிட்டு, “விரிசல் விட்டிருச்சு, ஐந்நூறு குடுத்துட்டுப் போங்க” என்றார். என் மாமியார் போட்ட சத்தத்தில்தான் அடங்கினார். பணத்தைத் திருப்பிக் கேட்டால், ஏற்பாடு செய்தவரைக் கேளுங்கள் என்றார். ஏற்பாடு செய்தவர் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

ஊருக்கு வந்த பிறகு அந்தப் படங்களைக் குருகிராமில் வேலை பார்க்கும் என் தம்பிக்கு அனுப்பினேன். பார்த்ததுமே, “அக்கா, இது ஹரியானாவில் தாவ்டூ ஊரில் இருக்கிற ஹெரிடேஜ் டிரான்ஸ்போர்ட் மியூசியம், போன வருஷம் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போனோம்” என்றான். 2013இல் திறந்த தனியார் அருங்காட்சியகம் அது. விமானம், ரயில் சலூன், பல்லக்கு, மாட்டு வண்டி என்று உண்மையாகவே வைத்திருக்கிறார்கள். அவர்கள் படத்தைத் திருடித்தான் இங்கே கொட்டகைக்கு ஆள் பிடிக்கிறார்கள்.

பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறிப் போன நகரத்தார் ஊர் இது. பர்மாத் தேக்கு கடல் கடந்து வந்து தூணாக நிற்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. வண்டி, கப்பல், ரயில் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இந்த மண்ணில் அத்தனை கதை இருக்கிறது. நல்ல முறையில் ஒரு வாகன அருங்காட்சியகம் வந்தால் முதல் ஆளாகப் போவேன்.

உங்களுக்கும் இப்படி அழைப்பு வந்தால் படத்தை நம்பாமல், இன்றைக்கு எடுத்த வீடியோ கேளுங்கள். அந்தப் படத்தையே கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள், எங்கிருந்து எடுத்தது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். அச்சடித்த டிக்கெட் உண்டா, பிள்ளைகள் ஏறும் வண்டிக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்களா, கழிவறை உண்டா என்று கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். பழைய வண்டி பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளுக்குத் திருச்சியில் ரயில்வே அருங்காட்சியகம் இருக்கிறது, காரைக்குடியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். சென்னையில் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை பக்கத்தில் இருக்கும் ரயில் அருங்காட்சியகத்தில் குட்டி ரயிலும் உண்டு. கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. கார் மியூசியம் இருக்கிறது. அங்கே தொடக்கூடாது, ஆனால் பார்க்கக் கண் கொள்ளாது.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், சிவகங்கைக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். வாட்ஸ்அப் பேச்சையும் ஜிபே விவரத்தையும் அழிக்காமல் வைத்திருங்கள். நாங்கள் புகார் கொடுத்துவிட்டோம். அந்தக் கொட்டகைக்குப் போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். உங்கள் புகாரும் சேர்ந்தால் வழக்குக்குப் பலம்.