வேலூர் வெயிலில் இயற்கை முகாம்: தோட்டமா, அமிர்தியா, ஏலகிரியா?

ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று வேலூரைக் கிண்டல் செய்வது எங்கள் ஊர்க்காரர்களுக்கே பிடித்த வேலை. அந்தப் பட்டியலில் சாமி இல்லாத கோயில் என்றும் ஒன்று இருந்தது. 1981-ல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார், அதனால் அதை மட்டும் அடித்துவிடலாம். இப்படிப்பட்ட ஊரில், அதுவும் பள்ளிக்கூடம் மூடி அனல் அடிக்கிற நேரத்தில், 'இயற்கையோடு ஒரு கோடை முகாம்' என்று சத்துவாச்சாரியிலும் காட்பாடியிலும் தட்டி கட்டினால் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் நம் பக்கத்தில் பார்க்க ஒன்றும் இல்லை என்று அர்த்தமில்லை. எங்கே போவது என்பதை விட எத்தனை மணிக்குப் போவது என்பதுதான் இங்கே முக்கியம். கீழே வரும் ஒப்பீடு முழுக்க அந்தக் கணக்கில்தான்.

பேசப்போவது காலையில் போய் அன்றைக்கே வீடு திரும்பும் முகாம்களைப் பற்றி. இரவு தங்கும் முகாம் வேறு விஷயம், அதற்குக் கேட்க வேண்டிய கேள்விகளும் வேறு.

முதலில் கடிகாரம்

மே மாதத்தில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டினால் அது செய்தியே அல்ல. ஊரைச் சுற்றி இருப்பதெல்லாம் பெரும்பாலும் மொட்டைக் கருங்கல் குன்றுகள். பகலெல்லாம் வாங்கிய சூட்டை இருட்டிய பிறகும் விட்டுக்கொண்டே இருக்கும். அதனால் மாலை ஐந்து மணி இங்கே குளிர்ந்த நேரம் கிடையாது. கோடை இடியும் மின்னலும் வருவதும் பெரும்பாலும் அந்த வேளையில்தான், வெட்டவெளிப் பாறையில் பிள்ளைகளை நிறுத்தக் கூடாத நேரம்.

மிஞ்சுவது காலை. ஆறு மணிக்கு முன்பே விடிந்துவிடும். ஆறிலிருந்து ஒன்பதரை வரை செம்போத்து கூப்பிடும், குயில் கத்தும், தவிட்டுக்குருவிகள் கூட்டமாகச் சண்டை போடும். பத்து மணிக்கு மேல் பறவைகளே நிழல் தேடிப் போய்விடும். 'காலை 9.30 முதல் மாலை 4 வரை' என்று நோட்டீஸில் போட்டிருந்தால் அது இயற்கை முகாம் அல்ல, மின்விசிறிக்குக் கீழே நடக்கிற கைவேலை வகுப்பு. கைவேலை வகுப்பு தப்பில்லை. அதை அந்தப் பெயரில் நடத்தலாம், அந்தக் கட்டணமும் வாங்கலாம்.

ஊருக்குள், பள்ளி வளாகத்தில்

இது பக்கம், பாதுகாப்பு, கழிப்பறை உண்டு, வேன் வசதியும் இருக்கும். வேலைக்குப் போகும் பெற்றோருக்கு இதை விட வசதியான ஏற்பாடு கிடையாது. வளாகத்தில் பத்து வேம்பும் நாலு புங்கமும் ஒரு சரக்கொன்றையும் இருந்தால் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் தாங்கும். ஏப்ரல், மே மாதங்களில் கொன்றை மஞ்சளாகத் தொங்குவதைப் பார்க்கவாவது கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

ஆனால் விதைப்பந்து விஷயத்தில் எனக்குக் கோபமே உண்டு. இந்த வகை முகாம் பலவற்றில் கடைசி நாள் நிகழ்ச்சி அதுதான். களிமண், சாணம், விதை எல்லாம் பிசைந்து உருட்டி, உச்சி வெயிலில் ஏதோ ஒரு குன்றுப் பக்கம் வீசிப் படம் எடுத்துக்கொள்வார்கள். மே மாதத்துப் பாறையில் விழுந்த விதையை எறும்பும் எலியும் தின்றது போக மீதியை வெயில் பார்த்துக்கொள்ளும். உருட்டுவதை மேயில் உருட்டுங்கள், நிழலில் காய வைத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள், நல்ல மழை பிடித்த பிறகு வீசட்டும். இதை அமைப்பாளரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் பதிலிலேயே அவருக்கு மண்ணைப் பற்றி எவ்வளவு தெரியும் என்பது விளங்கிவிடும்.

தோட்டத்து முகாம்

ஆறிலிருந்து பத்து, பதினோரு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு என் ஓட்டு இதற்குத்தான். அணைக்கட்டு, ஒடுகத்தூர், ஊசூர் பக்கம் யாராவது தம் நிலத்தில் பிள்ளைகளை வைத்து நடத்தினால், ஏழு மணிக்குள் போய்ச் சேர்ந்து பதினொரு மணிக்குள் கிளம்பிவிடலாம். நிழலுக்கு மாமரமும் புளியமரமும் இருக்கும். குடிக்கக் கேழ்வரகுக் கூழும் மோரும், பருவத்தில் நுங்கும் கிடைக்கும்.

இங்கே பார்ப்பதற்கு எதையும் ஏற்பாடு செய்ய வேண்டியதில்லை என்பதுதான் பெரிய லாபம். புளியமரத்தடியில் பொடி மண்ணாக இருக்கும் இடத்தில் குனிந்து பார்த்தால், புனல் போலச் சின்னச் சின்னக் குழிகள். அடியில் குழியானை ஒளிந்திருக்கும். விளிம்பை ஒரு துரும்பால் லேசாகச் சுரண்டினால், எறும்பு விழுந்துவிட்டது என்று நினைத்து உள்ளேயிருந்து மண்ணை வாரி வாரி எறியும். தோண்டி உள்ளங்கையில் வைத்தால் பின்பக்கமாகவே நடக்கும். றெக்கை முளைத்துப் பறக்கப்போகும் பூச்சியின் இளம்பருவம் அது. காய்ந்த, மழை படாத மண்தான் அதற்கு வேண்டும், ஆகவே நாம் திட்டும் இதே கோடைதான் அதைப் பார்க்கச் சரியான காலம். என் அண்ணன் மகள் ஒரு காலை முழுவதையும் இதிலேயே செலவழித்தாள். பக்கத்தில் நடந்த 'இயற்கை ஓவியம்' நிகழ்ச்சிக்கு அவளைக் கூப்பிட்டும் வரவில்லை.

இன்னொன்று இலவம்பாடி முள்கத்தரி. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்மூர்க் காய். காம்பில் மட்டுமல்ல, தண்டிலும் இலையிலும்கூட முள் இருக்கும். காயின் வயிற்றைப் பிடித்து ஒடிக்க வேண்டும், காம்பில் கை வைத்தால் தெரிந்துவிடும். முதல் முள் குத்திய பிறகு பிள்ளைகள் செடியை எவ்வளவு கவனமாகப் பார்க்கிறார்கள் என்பது எந்த வகுப்பிலும் வராத பாடம். அன்று பறித்ததை அங்கேயே குழம்பாக்கிப் போட்டால், கத்தரிக்காய் என்றாலே முகம் சுளிக்கும் பையனும் இரண்டு துண்டு சாப்பிடுவான். மூன்றாவது துண்டுக்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

சரி, கிணறு. வட ஆற்காட்டில் தோட்டம் என்றால் கிணறு இல்லாமல் இருக்காது, கிணறு என்றால் பிள்ளைகள் குதிக்காமல் இருக்கமாட்டார்கள். நீச்சல் கற்றுக்கொள்ள அதை விட நல்ல இடம் இல்லை, உயிர் போகவும் அதைப் போல வேறு இடம் இல்லை. கோடை விடுமுறையில் கிணற்றில், ஏரிப் பள்ளத்தில் பிள்ளைகள் மூழ்கிய செய்தி ஆண்டுதோறும் வருகிறது. இடுப்பில் கயிறு, முதுகில் சுரைக்குடுக்கையோ காலிக் கேனோ கட்டி, நீச்சல் தெரிந்த பெரியவர் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும். மேட்டில் நின்று பார்த்துக்கொள்கிறேன் என்பவரிடம் பிள்ளையை விடாதீர்கள். நீச்சல் தெரியாத சின்னவர்களை விட, தெரிந்த பதினைந்து வயதுப் பையன்களைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். போன தைமாதம் குதித்த அதே படியிலிருந்து குதிப்பார்கள். மே மாதத்தில் தண்ணீர் இறங்கி, அடிப்பாறை மேலே வந்திருக்கும்.

கேட்க மறந்துவிடும் இரண்டு விஷயங்களும் உண்டு. நேற்றோ அதற்கு முந்தைய நாளோ தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்தார்களா? காட்டுப்பன்றிக்காக வேலியில் மின்சாரம் விட்டிருக்கிறார்களா, அல்லது பக்கத்து நிலத்துக்காரர் விட்டிருக்கிறாரா? இரண்டாவது கேள்வியைக் கேட்கச் சங்கடமாக இருக்கும். ஆனாலும் கேளுங்கள்.

தோட்டத்தின் குறை என்னவென்றால் பெரிய பிள்ளைகளுக்கு மூன்றாம் நாளே அலுத்துவிடும். எட்டாம் வகுப்புப் பையனை மாட்டுக்குப் புல் போடச் சொன்னால் முதல் நாள் படம் எடுப்பான், இரண்டாம் நாள் போனை எடுப்பான்.

அமிர்தி, நாகநதி

அந்தப் பையனுக்கும் அவன் வயதுப் பெண்பிள்ளைக்கும் அமிர்தி. வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர், கணியம்பாடி வழியாக ஜவ்வாது மலை அடிவாரம். 1967-லிருந்து வனத்துறையின் சின்ன உயிரியல் பூங்கா ஒன்று அங்கே இருக்கிறது. பெரும்பாலான முகாம்கள் அந்தப் பூங்காவில் மானையும் மயிலையும் காட்டிவிட்டுத் திரும்பிவிடும். கூண்டைக் காட்டுவதற்கு இவ்வளவு தூரம் போவானேன்? அருவியும் மழைக்காலத்தில்தான் அருவி. மே மாதத்தில் போய் 'அருவிக் குளியல்' என்று நோட்டீஸ் அடிப்பவரை நம்ப வேண்டாம்.

நான் அமிர்தியைச் சொல்வது அந்தக் காய்ந்த ஆற்றுக்காகத்தான். தண்ணீர் போன பிறகுதான் ஆறு எப்படி வேலை செய்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். எந்த வளைவில் மணல் தங்கியிருக்கிறது, எங்கே பாறை அரித்திருக்கிறது, வெள்ளம் எந்த மரத்தின் எந்தக் கிளையில் குப்பையை மாட்டிவிட்டுப் போயிருக்கிறது என்று பார்க்கலாம். அதே பக்கத்து நாகநதிக்கு உயிர் கொடுக்க, நூறு நாள் வேலைத் திட்டத்தில் கிராமத்துப் பெண்கள் ஆற்றுப்படுகையிலேயே நீர் செறிவூட்டும் கிணறுகளைக் கட்டினார்கள். வெள்ளம் மேலோடு ஓடிப்போகாமல், இறுகிப்போன மண் அடுக்கைத் தாண்டிக் கீழே இறங்க ஒரு வழி, அவ்வளவுதான் விஷயம். கணியம்பாடிச் சுற்றுவட்டாரத்தில் அவற்றைப் பார்க்கலாம். பெரிய பிள்ளைகளுக்கு ஒரு கயிறும் ஒரு கல்லும் கொடுத்து, பக்கத்து விவசாயக் கிணறுகளில் தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று அளந்து எழுதச் சொன்னால் அதுவே ஒரு வாரத்து வேலை. அளக்கப் போகும் இடத்தில் நிலத்துக்காரர் நாலு கதை சொல்வார், அது தனிக் கணக்கு.

மலை ஓரப் பாறைகளில் பாறை ஓணானையும் தேடச் சொல்லுங்கள். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணானின் முதுகு செக்கச்செவேல் என்று, பக்கங்கள் கன்னங்கரேல் என்று இருக்கும். பெண்ணின் நிறத்துக்கும் கல்லின் நிறத்துக்கும் வித்தியாசமே தெரியாது. மரமில்லாத மலை என்று நாம் ஒதுக்கிய இடத்தில்தான் அது குடித்தனம் நடத்துகிறது.

குறைகளும் நிறைய. காட்பாடியிலிருந்து என்றால் விடியும் முன்பே கிளம்ப வேண்டும். பூங்கா எல்லையைத் தாண்டிக் காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி கட்டாயம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் நடந்த காட்டுத்தீ விபத்துக்குப் பிறகு இதில் யாரும் விளையாட முடியாது. அனுமதிக் கடிதத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். முழுக்கால் சட்டை, மூடிய காலணி இரண்டும் வேண்டும். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறிவிடுவது எதுவும் கூடாது, நேராக மருத்துவமனை. திரும்பும் வழியில் அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருப்பது இந்த இடத்துக்கு ஒரு பலம். புதருக்குள் புகுந்து வந்த பிள்ளைக்குச் சில நாள் கழித்துக் காய்ச்சல் வந்தால், உடம்பில் கருத்த பொருக்கு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். புதர்களில் இருக்கும் சின்னஞ்சிறு உண்ணி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் நம் வட்டாரத்துக்குப் புதிதல்ல, மழை, பனிக் காலங்களில் அதிகம் என்றாலும் டாக்டரிடம் காட்டுக்குப் போன விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும்.

ஏலகிரி

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிறது, வேலூரை விட நாலைந்து டிகிரி குறைவு. புங்கனூர் ஏரி, பலாப்பழம், தேன், சுவாமிமலை ஏற்றம் என்று எல்லாமும் உண்டு. ஆனால் வேலூரிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். ஆறு மணிக்கு வேன் ஏறும் பிள்ளை 14 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி, அதில் பாதி வளைவில் வாந்தி எடுத்து, மேலே போய்ச் சேரும்போது நல்ல நேரம் முடிந்திருக்கும். வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயரை வைத்திருக்கிறார்கள். அந்த நிலையில் யார் படிப்பது?

அங்கே நடப்பவையும் பெரும்பாலும் சாகச முகாம்கள். கயிற்றில் தொங்குவது, வலையில் ஏறுவது. பசங்களுக்கு அது பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதை ஒரு மாடிக் கட்டடத்திலும் கட்டலாம். வாணியம்பாடி, ஜோலார்பேட்டை, திருப்பத்தூர்க்காரர்கள் என்றால் கதை வேறு. 2019-ல் மாவட்டம் பிரிந்த பிறகு ஏலகிரி அவர்கள் மாவட்டம், அரைமணி, முக்கால்மணிப் பயணம், தாராளமாகச் சேர்க்கலாம். வேலூர்க்காரர்கள் குடும்பத்தோடு இரண்டு நாள் போய்வருவதே மேல்.

பணம் கட்டாத வழி

நாலைந்து குடும்பம் சேர்ந்தால் கோட்டையே முகாம்தான். காலை ஆறு மணிக்கு அகழி ஓரமாகச் சுற்றினால் நீர்க்காகம், மீன்கொத்தி, கொக்கு எல்லாம் கிடைக்கும். வெயில் ஏறியதும் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகமோ, மாவட்ட அறிவியல் மையமோ போகலாம். பறவை தெரிந்த பெரியவர் ஒருவர் கூட வந்தால் போதும், தெரியாவிட்டாலும் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். இதில் ஒரே சிக்கல், யார் எழுப்பிக் கூட்டிப்போவது என்பது. முதல் வாரம் எல்லா அப்பாக்களும் வருவார்கள்.

குடியாத்தம், பேர்ணாம்பட்டு பக்கம் மோர்தானா அணையை ஒட்டி யாராவது முகாம் போட்டால் நான் அனுப்பமாட்டேன். ஆந்திராவின் கௌண்டின்யா சரணாலயத்து யானைகள் அந்த எல்லை நிலங்களுக்கு வந்துபோகிற வழி அது, விடியற்காலையில் பிள்ளைகளோடு நடக்கிற இடம் அல்ல.

பெண்பிள்ளைகளும் ஒரு சனிக்கிழமையும்

பன்னிரண்டு, பதின்மூன்று வயதானதும் பெண்பிள்ளைகளை இந்த மாதிரி இடங்களுக்கு அனுப்புவதை நிறுத்திவிடுகிறோம். 'ஆயா வேண்டாம்னு சொல்றாங்க' என்பார்கள், ஆனால் அந்தப் பாட்டியின் கவலையில் பாதி நியாயமானதுதான். தண்ணீர் வரும், தாழ்ப்பாள் போடும் கழிப்பறை இருக்கிறதா, கூடவே இருக்கும் பெண் பொறுப்பாளர் யார் என்ற இரண்டுக்கும் பதில் இருந்தால் கவலை தீர்ந்துவிடும். இதில் பள்ளி வளாகம் முதலிடம், அமிர்தி பூங்காப் பகுதி சுமார், தோட்டங்கள் பெரும்பாலும் தேறாது. அமைப்பாளர்கள் இதைச் சரிசெய்தாலே பாதி இடம் தானாக நிரம்பும்.

பெரிய பிள்ளைகளுக்கான முகாம் எதுவானாலும், அதில் காவலூருக்கு ஒரு சனிக்கிழமையைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஜவ்வாது மலையில், 725 மீட்டர் உயரத்தில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986-ல் நிறுவிய 2.34 மீட்டர்த் தொலைநோக்கி அங்கேதான். யுரேனஸுக்கு வளையம் உண்டு என்பதை 1977-ல் பதிவுசெய்த இடங்களில் ஒன்று இந்தக் காவலூர். பொதுமக்களை அனுமதிப்பது சனிக்கிழமைகளில், இரவில் வானம் காட்டுவது மேகம் விட்டால்தான். கோடை மழை மேகம் கட்டினால் எதுவும் தெரியாது. அதனால் கிளம்பும் முன் ஒரு போன் போட்டு விசாரித்துக்கொண்டு, திரும்பும் மலைப்பாதைக்கு ராத்திரி ஓட்டிப் பழகிய டிரைவரைப் பிடியுங்கள்.