‘அமெரிக்கா பீஸ்’ ஐபோனா? சிம் தட்டைத் திறந்து பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்

என் தங்கை வேலைக்குச் சேர்ந்து சேர்த்த பணத்தில், சென்னையில் ஒரு செகண்ட் ஹேண்ட் கடையில் ஐபோன் 13 வாங்கினாள். ₹28,000. “அமெரிக்கா பீஸ்மா, ஒரு கீறல் இல்ல பாரு” என்றார் கடைக்காரர். தங்கையின் சிம்மை அவரே கையில் வாங்கிப் போட்டு, கால் பண்ணியும் காட்டினார்.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் ஓடியது. ஐஓஎஸ் அப்டேட் போட்டதும் “சிம் நாட் சப்போர்ட்டட்” என்று வந்தது. கால் இல்லை, நெட் இல்லை, பேங்க் ஓடிபி வரவில்லை. தட்டை இழுத்துப் பார்த்தால் சிம்மோடு ஒட்டிக்கொண்டு, படலம் மாதிரி மெல்லிய ஒரு சிப்! ஆர்-சிம், டர்போ சிம் என்றெல்லாம் சொல்வது இதைத்தான்.

அமெரிக்காவில் நெட்வொர்க் கம்பெனிகளே போனைத் தவணைக்கு விற்கின்றன. பணம் கட்டி முடியும்வரை வேறு சிம் ஓடாதபடி பெரும்பாலும் பூட்டி வைக்கின்றன. அந்தப் பூட்டைத் திறக்கும் அதிகாரம் பூட்டிய கம்பெனிக்கு மட்டும்தான். ஆப்பிள் சர்வீஸ் சென்டரில் கேட்டாலும் அங்கேதான் போகச் சொல்வார்கள். இந்த சிப், நம் சிம்மை அந்தக் கம்பெனியின் சிம் என்று போனை நம்பவைக்கிறது. அப்டேட்டில் ஆப்பிள் இந்தக் குறுக்கு வழியை அடைத்துவிட்டால் கதை முடிந்தது.

தங்கையோடு நானும் கடைக்குப் போனேன். “அப்டேட் போட்டது உங்க தப்பு தம்பி, வேற சிப் போட்டுத் தரேன், ஆயிரம் ஆகும்” என்றார். பூட்டிய போன் என்று விற்கும்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. அந்தச் சிப்பைத் தன் கையாலேயே உள்ளே வைத்தவர் அவர். தெரிந்தே செய்த ஏமாற்று வேலை இது. தங்கை அங்கேயே அழுதுவிட்டாள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

கடையில் கால் போனதை வைத்து எதையும் நம்பாதீர்கள். தட்டை நீங்களே திறந்து, உங்கள் சிம்மை மட்டும் வையுங்கள். செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் என்று போனால் கீழே ‘கேரியர் லாக்’ என்று இருக்கும். அதற்கு நேரே ‘நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’ என்று வர வேண்டும். வேறு எது வந்தாலும் வாங்க வேண்டாம். ஐபோன் 14 முதல் அமெரிக்காவில் விற்பவற்றில் சிம் தட்டே கிடையாது, இசிம்தான் (போனுக்குள்ளேயே ஏற்றும் டிஜிட்டல் சிம்). அதனால் உங்கள் இசிம்மை அங்கேயே ஏற்றிப் பார்த்துவிடுங்கள்.

*#06# அடித்து ஐஎம்இஐ (போனின் 15 இலக்க அடையாள எண்) எடுத்து, ‘KYM’ என்று அடித்து இடைவெளி விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் பார்ப்பதும் நல்லதுதான். ஆனால் திருட்டு போனா, போலி எண்ணா என்பதற்குத்தான் அது உதவும். அமெரிக்கப் பூட்டை அது காட்டாது.

பில்லில் ஐஎம்இஐ எண்ணோடு ‘நெட்வொர்க் லாக் இல்லை’ என்றும் எழுதி வாங்குங்கள். எங்களிடம் இருப்பது மாடல் பெயரும் தொகையும் மட்டும் உள்ள துண்டுச்சீட்டு. அதை வைத்துத்தான் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறோம். பணம் இன்னும் வரவில்லை.