எவரெஸ்ட் அடிவார முகாம் நடைப்பயணம்: வழியிலுள்ள விடுதிகள் பற்றிய மதிப்பீடு

நேபாளத்தில் 2,860 மீட்டர் உயரத்திலுள்ள லுக்லாவில் தொடங்கி, நாம்சே பஜார், டெங்போச்சே, டிங்போச்சே வழியாக 5,364 மீட்டரிலுள்ள அடிவார முகாமை அடையும் இந்தப் பாதையில், கூடாரம் சுமக்காமலே நடக்க முடிவதற்குக் காரணம் ஊருக்கு ஊர் ஷெர்பா குடும்பங்கள் நடத்தும் விடுதிகளே.

அறை வாடகை குறைவு. ஆனால், இரவு உணவையும் காலை உணவையும் அங்கேயே உண்ண வேண்டும் என்பது எழுதப்படாத ஒப்பந்தம். ஒட்டுப்பலகைச் சுவருக்கு அப்பால் ஒருவர் இருமினால் நம் தூக்கம் கலையும். மாலையில் கூடத்தின் நடுவிலுள்ள இரும்பு அடுப்பில் காய்ந்த யாக் சாணத்தை இட்டு மூட்டுகிறார்கள். அந்தச் சூடு அறைகளை எட்டுவதில்லை என்பதால், தரமான உறக்கப்பையைக் கையோடு கொண்டு செல்வது நல்லது.

உணவில் பருப்பும் சோறும் காய்கறியும் சேர்ந்த தால் பாத்தையே பரிந்துரைக்கிறேன். கேட்டால் மறுபடியும் பரிமாறுவார்கள். இறைச்சி கீழிருந்து பல நாள் சுமந்து வரப்படுவதால் நாம்சேவுக்கு மேல் அதைத் தவிர்ப்பதே அறிவுடைமை.

நான் பதிவு செய்த நிறுவனம் 'அனைத்தும் அடங்கும்' என்று எழுதியிருந்தபோதிலும், வெந்நீர்க் குளியல், கைப்பேசி மின்னேற்றம், இணையம் ஆகியவற்றுக்குத் தனித்தனியே பணம் கேட்கப்பட்டது. எனினும், உயரத்துக்கு உடல் பழக நாம்சேயிலும் டிங்போச்சேயிலும் கூடுதலாக ஓர் இரவு தங்கவைத்த வழிகாட்டியின் கண்டிப்பைக் குறை சொல்ல மாட்டேன். அடிவார முகாமுக்கு முந்தைய கடைசித் தங்குமிடமான, தண்ணீர்த் தட்டுப்பாடும் நெரிசலும் மிகுந்த கோரக்ஷெப்பில் மட்டும் ஓரிரவுக்கு மேல் தங்கத் திட்டமிட வேண்டாம்.