சீசன் பாஸ் ரிவ்யூ: ஆப் நல்லாத்தான் ஓடுது, டீம்தான் ஓட மாட்டேங்குது

முதல்லயே சொல்லிடுறேன், இது கடுப்புல எழுதுற ரிவ்யூ. நேத்து மேட்ச் முடிஞ்சதும் ஃபோனை தூக்கி எறிஞ்சேன் (சோஃபா மேலதான், தரையில எறியுற அளவுக்கு இன்னும் முத்தல), படுத்தேன், தூக்கம் வரல, எந்திரிச்சு உக்காந்து டைப் பண்றேன். ஆப் பேரு போட மாட்டேன், டீம் பேரும் போட மாட்டேன். ஃபுட்பால் காட்டுற ஆப் எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சுதான், பேரு தெரிஞ்சு என்ன ஆகப்போகுது. டீம் பேரு போட்டா மத்த டீம்காரனுங்களுக்கு கொண்டாட்டம், அந்த சந்தோஷத்தை நான் ஏன் குடுக்கணும்.

நான் வாங்கினது வருஷ பாஸ். அதான் முதல் தப்பு. மாசாமாசம் கட்டுற பிளானும் இருந்துச்சு, ஆனா சீசன் ஆரம்பிக்கிறப்போ இருந்த மூடு அப்படி, போன தடவை கடைசி வரைக்கும் டைட்டில் ரேஸ்ல இருந்த டீம், சம்மர்ல பெரிய சைனிங், பேசுற வாயெல்லாம் இந்த வருஷம் இவங்கதான்னு சொல்லுது, சரி கப்பு தூக்குற அன்னைக்கு பாஸ் எக்ஸ்பயர் ஆகி நிக்கக்கூடாதுன்னு மொத்தமா கட்டிட்டேன். குழந்தை பொறக்குறதுக்கு முன்னாடியே பேரு வெச்ச கதை. இப்போ 38 மேட்ச்ல பாதி முடிஞ்சிருச்சு, கப்பை விடுங்க, நாலாவது இடத்துக்கே முட்டி மோதிட்டு இருக்கோம்.

ஆப்பை பத்தி நல்லது சொல்லணும்னா படம் சூப்பர். புல்லுல தண்ணி தெறிக்கிறது வரைக்கும் தெரியுது. எங்க சென்டர் பேக் (கோலுக்கு முன்னாடி நடுவுல நிக்கிற டிஃபெண்டர்) பந்தை பாத்துக்கிட்டே ஆளை கோட்டை விட்டுட்டு நிக்கிறப்போ அவன் மூஞ்சில வர்ற ஐயோ கூட பளிச்சுனு தெரியுது. ஆரம்பத்துல ரெண்டு மூணு தடவை சக்கரம் சுத்துச்சு, அப்புறம் அந்த பிரச்சனையே இல்ல. சில மேட்சுக்கு சுத்திக்கிட்டே இருந்திருக்கலாம்.

பிரச்சனை டிலே. டிவில பாக்குறவனை விட அரை நிமிஷம் பின்னாடி ஓடுது. எங்க குரூப்ல ஒருத்தன் டிவிலதான் பாப்பான். எதிரணிக்கு கார்னர் கிடைச்சா போதும், "மச்சி போச்சுடா"ன்னு அவன் மெசேஜ் வந்திரும், என் ஸ்கிரீன்ல கார்னர் அடிக்கிறவன் இன்னும் பந்தை வெச்சு சரி பண்ணிட்டு இருப்பான். கோல் விழப்போகுதுன்னு தெரிஞ்சுக்கிட்டே அந்த அரை நிமிஷம் உக்காந்து பாக்கணும், எங்காளுங்க ஒருத்தன் தோளை ஒருத்தன் புடிச்சுக்கிட்டு மார்க் பண்ற மாதிரி நடிப்பானுங்க, பாவமா இருக்கும். டேய் மேட்ச் முடியுற வரைக்கும் மெசேஜ் போடாதடான்னு கெஞ்சினேன். சரின்னான். அடுத்த மேட்ச்ல கார்னர் வந்துச்சு, அவன் ஆன்லைன்னு காட்டுச்சு, டைப்பிங்னு வந்துச்சு, நின்னுருச்சு. அதுலயே தெரிஞ்சு போச்சு.

ஸ்பாய்லர் மறைக்கிற செட்டிங் ஒண்ணு குடுத்திருக்காங்க. ஆன் பண்ணா ஸ்கோர் மறையுது, சந்தோஷம். ஆனா கீழயே ஹைலைட்ஸ் வீடியோ தலைப்புல பெருசா 'அதிர்ச்சி'ன்னு போட்டுட்டா அப்புறம் என்னத்த மறைச்சீங்க? டைட்டில் ஃபேவரைட்டுக்கு எதுடா அதிர்ச்சி, ஜெயிக்கிறதா? (இப்போ இருக்கிற நிலமைக்கு அதுவும் கரெக்டுதான்.)

ஸ்டூடியோ பேச்சு சுத்த வேஸ்ட். கோட் போட்ட மூணு பேர் உக்காந்துக்கிட்டு வெறி இல்ல, தலைவன் இல்ல, ஜெர்சிக்காக ஆடல, இதையே சுத்தி சுத்தி வாராவாரம். வெறி இல்லாதவன் 90 நிமிஷம் ஓடிட்டு முட்டியை புடிச்சுக்கிட்டு நிப்பானா? ஓடுறானுங்க, நல்லாவே ஓடுறானுங்க, எங்க ஓடணும்னுதான் தெரியல. ஹாஃப் டைம்ல ம்யூட் போட்டுருங்க, ஒண்ணும் நஷ்டம் இல்ல.

இப்போ ஸ்டாட்ஸ் டேப். இதை பத்தி கொஞ்சம் பேசணும், ஏன்னா என்னை ஒரு மாசம் ஏமாத்தினது இதுதான். எக்ஸ்ஜின்னு (எக்ஸ்பெக்டட் கோல்ஸ்) ஒரு நம்பர் காட்டுவாங்க, தெரியாதவங்களுக்கு சொல்றேன், ஒவ்வொரு ஷாட்டும் கோல் ஆகுறதுக்கு எவ்வளவு வாய்ப்புன்னு 0க்கும் 1க்கும் நடுவுல ஒரு மதிப்பு, எவ்வளவு தூரம், என்ன கோணம், கால்ல அடிச்சதா தலையால முட்டினதா இதெல்லாம் வெச்சு இதுக்கு முன்னாடி அடிச்ச ஆயிரக்கணக்கான ஷாட்டோட ஒப்பிட்டு கணக்கு போடுறது. பெனால்டின்னா 0.8க்கு கொஞ்சம் கம்மியா வரும். நாங்க தோத்த, டிரா பண்ண மேட்ச் பலதுல எங்க எக்ஸ்ஜிதான் அதிகம். பாத்ததும் மனசு ஆறிடும், நேரம் சரியில்லப்பா, நல்லாத்தான் ஆடுறோம், தானா திரும்பிரும்னு. குரூப்லயும் இதே வக்காலத்துதான் வாங்கிட்டு இருந்தேன், ஸ்கிரீன்ஷாட் எல்லாம் போட்டு.

அப்புறம் ஒரு நாள் மூணு தடவை தட்டி உள்ள போனா ஷாட் மேப்னு ஒண்ணு ஒளிஞ்சு கிடக்குது, அதை திறந்தேன். அவ்வளவுதான், ஆறுதல் எல்லாம் போச்சு. எதிரணி சீக்கிரமே ஒரு கோல் போட்டுட்டு பத்து பேரா பின்னாடி போய் உக்காந்துக்கிறான், நாங்க சுவர்ல பந்து அடிச்சு விளையாடுற பையன் மாதிரி வெளிய இருந்து அடிச்சுக்கிட்டே இருக்கோம், ஒவ்வொண்ணும் 0.05. அப்படி இருபது அடிச்சா கூட்டி 1 வந்திரும், பாக்க கம்பீரமா இருக்கும். அவன் ஒரே ஒரு கவுண்டர்ல, அதான் பந்தை பறிச்ச வேகத்துல திருப்பி அடிக்கிற அட்டாக்ல வந்து கோல்கீப்பரோட ஒத்தைக்கு ஒத்தை நின்னு அடிக்கிறான், அது ஒண்ணே 0.4. மொத்தத்தை கொட்டை எழுத்துல முன்னாடி போட்டு மேப்பை எங்கயோ கீழ புதைச்சு வெச்சா என்னை மாதிரி ஆளுங்க ஏமாறத்தான் செய்வோம். டிசைன் பண்ணவங்க இதை மாத்தணும்.

சரி, இந்த பாஸ்ல காசுக்கு பொருள் எதுன்னு கேட்டா ஒரே பதில், டாக்டிகல் கேமரா. கிரவுண்ட் மொத்தமும் மேல இருந்து தெரியுற வ்யூ, குளோஸ்-அப் கிடையாது, ரீப்ளே கிடையாது, 22 பேரும் எறும்பு மாதிரி தெரிவாங்க. முதல் பத்து நிமிஷம் போரடிக்கும். சாதாரண வ்யூல கேமரா பந்து பின்னாடியே போகும், நம்ம கண்ணும் அது கூடவே போயிரும், அதனால கோல் விழுந்தா கடைசியா பக்கத்துல நின்னவனை திட்டுவோம். நானும் அந்த சென்டர் பேக்கை மூணு மாசமா கழுவி ஊத்திட்டு இருந்தேன். தோத்த ஒரு மேட்சை இந்த கேமராவுல திரும்ப போட்டு பாத்தப்போதான் அவன்கிட்ட மனசுக்குள்ள மன்னிப்பு கேட்டேன்.

பந்து எங்ககிட்ட இருக்கிறப்போ ரெண்டு ஃபுல் பேக்கும் (ரெண்டு ஓரத்துலயும் நிக்கிற டிஃபெண்டருங்க) மேல போயிருவாங்க. சென்டர் பேக் ரெண்டு பேரும் அகலமா பிரிஞ்சு நிப்பாங்க. நடுவுல ஒருத்தன் நின்னு பந்து போச்சுன்னா முதல் பாஸை அறுக்கணும், முடியலன்னா ஒரு ஃபவுல் பண்ணியாவது நிறுத்தணும், அந்த வேலையை பண்ணிட்டு இருந்தவன் முட்டி போய் படுத்திருக்கான். அந்த இடம் மேல இருந்து பாத்தா காலி மைதானம். பத்து வினாடிக்கு முன்னாடி விட்ட பந்துக்கு சென்டர் பேக் தனியா மூணு பேரை சமாளிக்கணும், யாரா இருந்தாலும் கோட்டைதான் விடுவான்.

இது எங்களுக்கு மட்டும் நடக்கிற கூத்தும் இல்ல. இங்கிலாந்து லீக்ல லிவர்பூல் 2020 அக்டோபர்ல அவங்க முக்கியமான சென்டர் பேக் வான் டைக்கை முட்டி இன்ஜுரில இழந்தாங்க, அப்பவும் கிறிஸ்துமஸ் சமயத்துல அவங்கதான் டேபிள் டாப், ஆனா டிஃபென்ஸ்ல விழுந்த ஓட்டையை அடைக்க மிட்ஃபீல்டுல ஆடுற ஃபபினியோவையும் ஹெண்டர்சனையும் பின்னாடி இழுத்தாங்க, ஓட்டை மிட்ஃபீல்டுக்கு இடம் மாறிருச்சு. 68 லீக் மேட்சா சொந்த கிரவுண்டு ஆன்ஃபீல்டுல தோக்காம இருந்தவங்க 2021 ஜனவரில பர்ன்லிகிட்ட தோத்து, அதுல இருந்து தொடர்ச்சியா ஆறு ஹோம் மேட்ச் தோத்தாங்க. மான்செஸ்டர் சிட்டிக்கு 2024 செப்டம்பர்ல நடுவுல நிக்கிற ரோட்ரி முட்டி இன்ஜுரில போனான், அடுத்த மாசமே வருஷத்தோட பெஸ்ட் பிளேயருக்கு குடுக்கிற பாலன் டோர் வாங்கினான், டீம் என்னடான்னா வரிசையா நாலு லீக் மேட்ச் தோத்துச்சு, டாட்டன்ஹாம்கிட்ட சொந்த கிரவுண்டுல 0-4. ரெண்டு டீமும் அந்தந்த சீசன் மூணாவதா முடிச்சாங்க. ஒரே ஒரு ஆள்தான போனான்னு வெளிய இருந்து பேசுறது ஈஸி. அந்த ஒரு ஆள் இருக்கிற தைரியத்துலதான் மத்த பத்து பேரும் மேல போய் நின்னாங்கங்கிறது அவன் போன பிறகுதான் தெரியுது.

எங்க மேனேஜரும் அதே தப்பை பண்றாரு. ஆள் மாத்துறாரு, அமைப்பை மாத்த மாட்டேங்குறாரு. ரைட் பேக்கை கொண்டு வந்து நடுவுல நிப்பாட்டி பாத்தாரு, ஒரு சின்ன பையனை இறக்கி 55வது நிமிஷம் வெளிய எடுத்தாரு, அவன் மூஞ்சிய பாக்கவே முடியல. ஒரு ஃபுல் பேக்கை பின்னாடியே நிக்க வெச்சாலே பாதி தொல்லை தீரும், அழகு கொஞ்சம் குறையும், குறையட்டும். என்னோட லெவலுக்கு இது ஓவர் பேச்சுதான், தெரியும், ஆனா கேமரா மேல இருக்கு, எனக்கும் கண்ணு இருக்கு. இதையே குரூப்ல சொன்னா ஒருத்தன் "நீ போய் கோச்சிங் குடேன் தலைவரே"ங்கிறான். அவன்தான் ஸ்ட்ரைக்கர் வாங்கணும் ஸ்ட்ரைக்கர் வாங்கணும்னு ஜனவரி பூரா கத்திட்டு இருக்கிறவன். ஓட்டை பின்கதவுல, பூட்டு வாங்கி முன்கதவுல மாட்டணுமாம்.

இன்னொரு குறையும் இருக்கு, இது ரிவ்யூ படிக்கிறவங்களுக்கு உண்மையிலேயே உதவும். இந்த பாஸ்ல லீக் மேட்ச் மட்டும்தான். செவ்வாய், புதன்ல நடக்கிற சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பாவோட டாப் கிளப்புங்க மோதுற போட்டி) பாக்கணும்னா வேற ஆப், வேற பாஸ். காசு ஒரு பக்கம், ஆனா பாதி கதை அங்கதான் நடக்குது. 2024-25ல இருந்து அங்க ஃபார்மேட் மாறினதுல முதல் கட்டத்துலயே ஆறுக்கு பதில் எட்டு மேட்ச், அதுல ரெண்டு ஜனவரில. சனிக்கிழமை 70வது நிமிஷத்துல எங்க விங்கர் ஏன் நடக்கிறான்னு லீக் மட்டும் பாக்குறவனுக்கு புரியாது. புதன்கிழமை வேற நாட்டுல 90 நிமிஷம் ஓடிட்டு ஃப்ளைட் ஏறி வந்திருக்கான். அஞ்சு சப் இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு, பெஞ்சுல உக்காந்திருக்கிறவனும் பாதி பேரு இன்ஜுரில இருந்து இப்பத்தான் திரும்பினவன்.

கடைசியா ஆர்கைவ். பழைய சீசன் மேட்செல்லாம் முழுசா கிடக்குது, தூக்கம் வராதவனுக்கு ஏத்த சரக்கு. நான் போன வாரம் போட்டு பாத்தது 2019 ஜனவரி 3, சிட்டி-லிவர்பூல். அந்த டிசம்பர்ல சிட்டி நாலு லீக் மேட்ச்ல மூணு தோத்துச்சு, செல்ஸி, கிரிஸ்டல் பேலஸ், லெஸ்டர். லிவர்பூல் ஏழு பாயின்ட் முன்னாடி. அந்த மேட்ச்ல சிட்டி டிஃபெண்டர் ஸ்டோன்ஸ் கோல் லைன்ல இருந்து ஒரு பந்தை எடுப்பான் பாருங்க, முழுசா கோட்டை தாண்ட 11 மில்லிமீட்டர் சொச்சம்தான் பாக்கி. சிட்டி 2-1 ஜெயிச்சுச்சு. அதோட சரியாகல, அந்த மாசக் கடைசில நியூகாஸில்கிட்ட மறுபடி தோத்தாங்க, அதுக்கப்புறம் 14 மேட்ச் வரிசையா ஜெயிச்சு 98 பாயின்ட்ல கப்பு. 97 எடுத்து சீசன் பூரா ஒரே மேட்ச் தோத்த லிவர்பூல் ரெண்டாவது. இதை பாத்துட்டு குரூப்ல "இன்னும் சான்ஸ் இருக்கு"ன்னு போட்டேன், யாரும் பதில் போடல. யோசிச்சு பாத்தா அவங்க பேசாம இருந்ததும் நியாயம், அந்த சிட்டிக்கு நடுவுல நின்னு பந்தை அறுக்கிற ஃபெர்னாண்டினியோ காயம் ஆறி அந்த லிவர்பூல் மேட்சுக்கு முன்னாடியே திரும்பி வந்துட்டான். எங்காளு கையில ஊன்றுகோல்.

நேத்து ராத்திரி பாஸை கேன்சல் பண்ணலாம்னு உள்ள போனேன். பாதில விட்டா மிச்ச காசு வராதாம், சின்ன எழுத்துல போட்டிருக்கு. சரி காரணமாவது சொல்லிட்டு வருவோம்னா ஒரு லிஸ்ட் காட்டுது, விலை அதிகம், வீடியோ தரம் சரியில்ல, அதிகமா பயன்படுத்துறதில்ல, வேற சேவைக்கு மாறுறேன். எனக்கான காரணம் அதுல இல்ல. 'மற்றவை'ய தொட்டா எழுதுறதுக்கு ஒரு பெட்டி திறக்குது, 200 எழுத்துதான் இடம். நாலு தடவை எழுதி அழிச்சேன்.

வாங்கலாமான்னு கேட்டா வாங்கலாம், ஆனா மாச பிளானா வாங்குங்க, அதுவும் உங்க டீம் நடுவுல யாரு நிக்கிறான்னு பாத்துட்டு, அவனுக்கு மாற்று ஆள் இருக்கான்னும் பாத்துட்டு. நோட்டிஃபிகேஷனை ஆஃப் பண்ணிருங்க, ஸ்டாட்ஸ் டேபை மேட்ச் முடிஞ்ச ராத்திரி தொடாதீங்க, டிவில பாக்குற நண்பனை ம்யூட்ல போடுங்க.

இப்போதைக்கு மூணு ஸ்டார். எதிரணிக்கு கார்னர் கிடைச்சும் கோல் விழாம ஒரு மேட்ச் முடியட்டும், நாலாக்குறேன்.